கடைசித் தடவை எது என்று எப்போது தெரியும்?

கிளிநொச்சியில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் ஒரு சகோதரி, அடுத்த வருடம் அறுபது வயது நிறைந்து ஓய்வுபெறப் போகிறவர், என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார். வாழ்க்கையின் முதல் அனுபவங்கள் எல்லாம் அவருக்குத் துல்லியமாக நினைவிருக்கின்றன. ஏடு தொடக்கிய அன்று பச்சையரிசி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டதைக்கூடச் சொல்ல முடிகிறது. ஆனால் மகளுக்குக் கடைசியாக இரட்டைப் பின்னல் பின்னி றிபன் கட்டிவிட்ட நாள் எது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அப்படி ஒரு நாள் இருந்திருக்க வேண்டும், அது தனக்குத் தெரியாமலே கையைவிட்டுப் போயிருக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. கடந்த வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய், உப்புநீரில் எரியும் அம்மன் விளக்கின் முன் நின்றபோது, ‘இது கடைசித் தடவையோ’ என்ற எண்ணம் வந்திருக்கிறது. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறதாம். இது வயதின் குணமா, ஏதேனும் நோய் வருத்தமா, இதோடு எப்படி வாழ்வது என்பதே அவருடைய கேள்வி.

தங்கச்சி, இது வருத்தம் இல்லை. முதுமையில் மனம் பின்னோக்கிப் போவதை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகத்தான் பார்த்தது. பழங்கதை சொல்லும் முதியவரை வேறு கதையில் திருப்பிவிடுவதே நல்லது என்று பலர் நம்பினார்கள். 1963இல் றொபேட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அந்த எண்ணத்தை மறுத்தார். வாழ்நாளின் எல்லை தெரியத் தொடங்கும்போது, மனம் பழையவற்றை எடுத்துப் பார்த்து, தீராமல் கிடப்பவற்றைத் தீர்க்க முயல்வது எல்லா மனிதருக்கும் இயல்பான வேலை என்று அவர் விளக்கி, அதற்கு ‘வாழ்க்கை மீள்பார்வை’ என்று பெயரும் வைத்தார். அந்த வேலை சிலருக்கு அமைதியையும் சிலருக்குக் குற்றவுணர்வையும் கவலையையும் கொண்டுவரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நீங்கள் அந்த வேலையைத் தொடங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். அது கவலைப் பக்கம் சாய்ந்து நிற்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தாறு வருடம் ஆசிரியனாக இருந்தேன். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகும், யுத்தம் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பிறகும், உளசமூகப் பணியாளர்களோடு சேர்ந்து முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கிராமங்களில் முதியவர்களைக் கூட்டி வைத்துக் கதைப்பிக்கும் வேலையைச் செய்துவந்தேன். அங்கே கேட்டவையும், அதற்காகப் படித்தவையும், என் சொந்த வாழ்க்கையும் கலந்துதான் இந்தப் பதில்.

முதலில் நம்முடைய வழக்கங்களைக் கவனியுங்கள். ஒரு பிள்ளைக்கு முதன்முதலில் சோறு கொடுப்பதற்கு ‘சோறு தீத்தல்’ என்று பெயர் வைத்து, நாள் பார்த்துக் கோவிலில் செய்கிறோம். முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. முதல் எழுத்துக்கு ஏடு தொடக்கல். பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு. புது வீட்டுக்குக் குடிபூரல், வயலில் இறங்கும் முதல் ஏருக்கு நாள், புது நெல்லுக்குப் புதிர். ஒவ்வொரு முதலுக்கும் ஒரு பெயர், ஒரு நல்ல நேரம், ஒரு பலகாரம், பார்த்து நின்ற பத்துப் பேர். அதை நாம் மறந்தாலும் மாமியோ சித்தியோ மறக்க விடமாட்டார்கள். கடைசிகளுக்கு இந்த ஏற்பாடு எதுவுமே இல்லை. கடைசியாக வயலில் இறங்கியதற்கும், கடைசியாகப் பிள்ளையைத் தோளில் தூக்கியதற்கும், கடைசியாகக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்ததற்கும் தமிழில் பெயரே இல்லை. பெயருள்ள கடைசி வாய்க்கரிசி ஒன்றுதான், அதை வாங்கிக்கொள்பவருக்கு அது தெரியப்போவதும் இல்லை. ஆகவே முதல்கள் நினைவிருந்து கடைசிகள் மறந்துபோவதில் உங்கள் மனதின் குறை என்று எதுவும் கிடையாது.

என் தாயாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு, சமாதான காலம், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. என் மூத்த மகளின் பிள்ளைக்கு முதல் பல் முளைத்து, வட்டக்கச்சியில் எங்கள் வீட்டில் பல்லுக்கொழுக்கட்டைக்கு ஆயத்தம் செய்தோம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அந்தக் கிழமைதான் அவருடைய கீழ்வரிசையில் மிஞ்சியிருந்த ஒற்றைப் பல்லும் விழுந்தது. அதை ஒரு சிறு கடதாசியில் மடித்துக் குத்துவிளக்கின் அருகில் வைத்துவிட்டு, சுளகில் அவித்த மாவோடு உட்கார்ந்தார். கொழுக்கட்டையின் விளிம்பைச் சேர்த்து அமர்த்துவதற்கு அவருடைய பெருவிரலில் பலம் போதவில்லை. ஓரம் பிளந்து பிளந்து பயறு வெளியே வந்தது. என் இளைய மகள், அவளுக்குப் பன்னிரண்டு வயது, பின்னால் வந்து குந்தியிருந்து, அப்பம்மாவின் பெருவிரலுக்கு மேலே தன் பெருவிரலை வைத்து அமர்த்தினாள். அப்படியே ஒவ்வொன்றாக, தேங்காய்ச் சொட்டைப் பல்லைப்போல வரிசையாகக் குத்தி, இரண்டு பேருமாக ஒரு சுளகு முடித்தார்கள். பிள்ளையின் தலைக்கு வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டியபோது அம்மா சொன்னார்: “எனக்குப் போனதுதான் அவளுக்கு வந்திருக்கு.” அதற்குப் பிறகு அம்மா கொழுக்கட்டை பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த ஆடிப்பிறப்புக்கு என் மகளே பிடித்தாள், அம்மா பக்கத்தில் இருந்து உப்புப் பார்த்தார். அது அம்மாவின் கடைசிக் கொழுக்கட்டை என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் மகளுக்கு அது அவள் முதன்முதலாக ஒழுங்காகப் பிடித்த கொழுக்கட்டை. இன்றைக்கும் அந்த நாளை முழுவதுமாகச் சொல்லக்கூடியவள் அவள்தான். இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டறிந்த ஒரு விஷயம் உண்டு. முதியவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைச் சொல்லச் சொன்னால், அவை எல்லா வயதிலிருந்தும் சமமாக வருவதில்லை. ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம் ஒரு மேடுபோல உயர்ந்து நிற்கும். முதல் வேலை, முதல் காதல், முதல் குழந்தை, முதல் தனிப்பயணம் எல்லாம் அந்த இருபது வருடத்துக்குள் நெருக்கியடித்து வருகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது. புதிதாக நடப்பதை மனம் கவனித்துப் பதிகிறது; வழமையாக நடப்பதை முந்தியவற்றோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறது. ஆயிரம் காலைகள் பின்னிய பின்னல் மனதில் ஒரே பின்னலாகத்தான் இருக்கும். அந்த ஆயிரத்தில் கடைசியானதுக்கும் அதற்கு முதல் நாள் பின்னியதற்கும் பின்னுகிற கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு அடங்கிய எங்கள் வன்னிப் பகுதி முதியவர்களின் நினைவில் அந்த மேடு ஒன்றாக இல்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், வங்கதேசத்து முதியவர்களிடம் இளமைக்கால மேட்டோடு, முப்பத்தைந்து வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடையில் இரண்டாவது மேடு ஒன்றும் காணப்பட்டது. அவர்களுடைய சுதந்திரப் போராட்டமும் 1971ஆம் ஆண்டு யுத்தமும் வந்த காலம் அது. அதைப் படித்தபோது எனக்கு நமது கூட்டங்கள்தான் கண்முன் வந்தன. கிளிநொச்சியில் 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தின் பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, மலேரியாக் காய்ச்சலோடு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கமம் செய்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கூட்டங்களுக்கு வருவார்கள். முதலில் வாய்க்காலில் குளித்ததும், பாலைப்பழம் பொறுக்கப் போய் வழி தவறியதும், முதல் காலபோக வெள்ளாமையும் வரும். பிறகு நடுவில் நீண்ட காலத்தைத் தாண்டி, 1996 கிளிநொச்சி இடப்பெயர்வுக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்து இறுதி யுத்தம் நடந்த 2008, 2009. அந்த இரண்டாவது மேட்டில் முதல்கள் குறைவு, கடைசிகளே நிறைய. சாதாரணமாக மனம் பதியாமல் விட்டுவிடக்கூடிய கடைசிகளை நமக்கு யுத்தம் ஒவ்வொன்றாகப் பதித்துக் கொடுத்திருக்கிறது.

‘கடைசி’ என்பது ஒரு நாளிடம் இருக்கும் குணம் இல்லை என்பதையும் நமக்கு அந்தக் காலந்தான் காட்டியது. கொழும்பிலிருந்து வடக்கே போகும் யாழ்தேவிப் புகையிரதம் 1956இல் ஓடத் தொடங்கியது. நான் அதில் முதலில் ஏறியது 1963இல், பத்து வயதில், அப்பாவோடு கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு. ஆனையிறவில் யன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததும், உப்புக்காற்றில் உதடு கரித்ததும், அப்பா கச்சானை உரித்து ஒவ்வொன்றாக என் கையில் வைத்ததும் இப்போதும் அப்படியே இருக்கின்றன. 1990ஆம் ஆண்டு வைகாசியில் கல்வி அலுவல் ஒன்றுக்காக அதே புகையிரதத்தில் போய்வந்தேன். ஆனி மாதம் யுத்தம் மீண்டும் வெடித்து, வடக்குக்கான புகையிரதம் நின்றுபோயிற்று. அந்தக் கடைசிப் பயணத்தில் எந்தப் பக்கம் இருந்தேன், பக்கத்தில் யார் இருந்தார்கள், வெளியே பார்த்தேனா தூங்கினேனா, ஒன்றுமே நினைவில்லை. பல வருடங்களாக அதற்காக வருந்தியிருக்கிறேன். பிறகு 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் திரும்பி வந்தது. பேரனோடு ஏறி இருபத்துநான்கு வருடங்களுக்குப் பிறகு ஆனையிறவைக் கடந்தபோது, நான் இவ்வளவு காலம் ‘கடைசி’ என்று துக்கம் காத்த பயணம் ஒரு நடுப்பயணமாக மாறிவிட்டது. 1990இல் நடந்ததில் ஒரு துரும்பும் மாறவில்லை. அதற்குப் பின்னால் வந்ததுதான் மாறியது. ஒரு நாள் கடைசி நாளா என்பதை அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான் தீர்மானிக்கின்றன என்றால், அந்த நாளிலேயே அதை அறிந்து வைத்திருக்கவில்லையே என்று நம்மை நாமே குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை.

எங்கள் கிணற்றுக்கும் இப்படித்தான் நடந்தது. அப்பா வெட்டுவித்த கிணறு, ஊற்றுக் கண்ட அன்று ஊருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்த கிணறு. 2008ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் நாங்கள் புறப்பட்டபோது, ஒரு கிழமையில் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் என் மனைவி வாளியை நிமிர்த்தி வைக்காமல் கவிழ்த்து வைத்தாள், மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு வரக்கூடாது என்று. 2010இல் வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றை மூன்று நாள் இறைத்துச் சேறு அள்ளி, நான்காம் நாள் ஊறிய தண்ணீரை மனைவி கையில் ஏந்திக் குடித்தாள். “அதே ருசிதான்” என்றாள்.

எல்லாமே திரும்பி வருவதில்லை. இதை நான் மறைத்துப் பேசினால் நம் மண்ணில் பாதிப் பேருக்குத் துரோகம் செய்தவனாவேன். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் படங்களை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோய்விட்டார்கள். அந்தத் தாய்மார் ஒவ்வொரு ஆணைக்குழுவிலும், ஒவ்வொரு படிவத்திலும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எங்கே, எப்போது கண்டீர்கள்? உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு மங்கலாகவே இருந்துவிடக்கூடிய அந்தக் ‘கடைசியாக’ என்ற சொல்லுக்கு அவர்கள் திகதி, நேரம், இடம், உடுப்பின் நிறம் வரை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி அது கல்லில் வெட்டியதுபோல ஆகிவிட்டது. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தாய், மகனுடைய சேட்டின் மேல் தெறி கழன்றிருந்ததையும், தைத்துவிட ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோதே அவன் எழுந்து போனதையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட ஒரு சொல் மாறியதில்லை. அந்த ஊசியை நூலோடு இன்னும் வைத்திருக்கிறார்.

வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்த போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், 1970களில் இந்த நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் கொடுத்தார். ஆள் இல்லை, ஆனால் இல்லையென்று சொல்லவும் முடியாது. அதனால் துக்கம் தொடங்கவும் முடியாது முடியவும் முடியாது. ‘மறந்துவிடு, முடிந்துவிட்டதென்று ஏற்றுக்கொள்’ என்று அவர்களை வற்புறுத்துவது உதவாது என்பது அவருடைய கருத்து. அந்தத் தாய்க்கு அந்தக் காட்சி கடைசி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, அவரும் சொல்லப்போவதில்லை. அவருடைய உரிமை அது. எங்களால் முடிந்தது, அவர் அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலக் கேட்பது.

தங்கச்சி, இதை நான் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்பது விளங்கியிருக்கும். வன்னியில் ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிய ‘கடைசி’ ஒன்றை மறந்துபோயிருக்கிறார் என்றால், அந்த முடிவு அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை என்று பொருள். உங்கள் மகள் ஒரு நாள் தானே சீப்பை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருப்பாள். நீங்கள் குசினியில் வேலையாக இருந்திருப்பீர்கள். ‘பாடசாலைக்கு நேரமாகுது’ என்று குரல் கொடுத்திருப்பீர்கள். அவ்வளவு சாதாரணமாக அது நடந்து முடிந்ததே ஒரு பெரிய பேறு என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அந்த நாளை மறந்ததற்காக நீங்கள் யாரிடமும், உங்களிடமும், மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இனி உங்களோடு கூடவே வரும் அந்தக் கேள்வி. ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தின் லோறா கார்ஸ்ரென்சன் முதியவர்களைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர். இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர் புதியவர்களையும் புதிய காரியங்களையும் தேடுவதைக் குறைத்து, நெருங்கியவர்களையும் மனதுக்கு அர்த்தமுள்ளவற்றையும் நாடுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. அதற்கு வயது காரணம் இல்லை, முடிவு தெரிவதே காரணம் என்பதை அவரும் கூட ஆராய்ந்தவர்களும் ஹொங்கொங்கில் பார்த்தார்கள். 1997இல் அந்த நகரம் சீனாவிடம் கையளிக்கப்படுவதற்கு முந்திய மாதங்களில், அங்கிருந்த இளைஞர்களும் முதியவர்களைப்போலவே நெருங்கிய உறவுகளையே தெரிவு செய்தார்கள். கையளிப்பு நடந்து ஒரு வருடம் சென்றதும் இளைஞர்கள் பழையபடி இளைஞர்களானார்கள். நாங்கள் இதை ஆய்வில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இல்லை. 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்புப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே இருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எண்பது வயதுக்காரரைப்போலக் கதைத்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்போது தண்ணீர் எடுக்கப் போனவரிடமும் ‘இது கடைசியோ’ என்ற எண்ணத்தோடுதான் முகத்தைப் பார்த்தோம். அந்தக் கேள்வி அன்று தேவையானதாக இருந்தது. பல பேரை அது விரைந்து குனிய வைத்து உயிர் காத்தது. யுத்தம் முடிந்த பிறகும் அது உடம்பை விட்டுப் போகவில்லை. வேலையும் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் இருந்த வருடங்களில் அடங்கிக் கிடந்து, ஓய்வு நெருங்கி நேரம் வந்ததும் எழும்பியிருக்கிறது. வயதின் கேள்வி மெதுவானது, எதை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று கேட்பது. யுத்தத்தின் கேள்வி பதற்றமானது, இப்போதே பார்த்துக்கொள் என்று பிடரியைப் பிடித்துத் தள்ளுவது. விளக்குக்கு முன்னால் உங்களுக்கு வந்தது இரண்டாவது என்றே நினைக்கிறேன். அடுத்த தடவை அது வரும்போது நெஞ்சு படபடக்கிறதா, கை குளிர்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது 2009இன் குரல். ஆறுதலாக மூச்சுவிட்டு, காலுக்குக் கீழே இருக்கும் மணலைக் கவனித்து, அதைக் கடந்துபோக விடலாம். இரவில் நித்திரை இல்லாமல், சாப்பாட்டில் விருப்பம் இல்லாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் மட்டும் தாமதிக்காமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வயதின் கேள்விக்குச் செய்யக்கூடியவை உண்டு. எழுபது வயதில் என் வலது கண்ணின் பார்வை குறைந்தபோது, வீதியில் விழுந்து யாராவது தூக்கிவிட்டு ‘இனி ஓடாதேயுங்கோ’ என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஒரு சனிக்கிழமை என் லுமாலாச் சைக்கிளைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, குளக்கட்டுவரை மெதுவாக ஓடிப் போய்வந்தேன். இரணைமடு நிறைந்து கிடந்தது. குளக்கட்டால் இறங்கி ஒரு வாய் தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன். திரும்பி வந்து, எல்லோரும் பார்த்திருக்கச் சைக்கிள் திறப்பைப் பேரனின் கையில் கொடுத்து, சுவாமிப் படத்தடியிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிவிட்டேன். மனைவி பாயாசம் காய்ச்சினாள். என் வாழ்க்கையில் நானே பெயர் வைத்து, நாள் வைத்து, ஆட்கள் பார்க்க நடத்திய கடைசி அது ஒன்றுதான். மற்றக் கடைசிகள்போல அது என்னை அரிக்கவில்லை. கையளித்தல் என்பது நாமே நாள் குறிக்கக்கூடிய கடைசி.

உங்களுக்கும் அப்படி ஒன்று கையில் இருக்கிறது. உங்களுடைய கடைசிப் பாடம் எந்தத் திகதியில் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். நான் 2013இல் ஓய்வு பெற்றபோது அந்த நாளை வீணாக்கிவிட்டேன். மாலை, பொன்னாடை, வாழ்த்துமடல், ஒன்றரை மணித்தியாலப் பேச்சுகள் என்று எல்லாம் முடிய மணி அடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு எழுத்துக்கூட அன்று சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்கள் விழாவை வேறொரு நாளுக்கு வைக்கச் சொல்லுங்கள். கடைசி நாளில் முதலாம் வகுப்புக்குப் போய், வழமையான பாடத்தை வழமைபோல நடத்துங்கள். அன்று ‘ற’ எழுதப் பழகும் ஒரு பிள்ளை உங்களுக்கு முன்னால் இருக்கும்.

முதுமையிலும் முதல்கள் வருகின்றன, அவற்றுக்கு நாம் பெயர் வைப்பதில்லை என்பதால் கவனிக்காமல் விடுகிறோம். வீதி கடக்கும்போது பேத்தி முதன்முதலாக என் கையைப் பிடித்து இழுத்துப்போன நாள் எனக்கு ஒரு முதல்தான். என் மனைவி அறுபத்தாறு வயதில் காணொளி அழைப்பில் தானே அழுத்தி மகனைக் கூப்பிட்ட நாள், அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் சாமத்தியவீட்டுப் படத்தில்கூட இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேலை, புதிதாக ஒரு பாட்டு, இதுவரை போகாத ஒரு ஊர் என்று ஆண்டுக்கு ஒன்றையாவது தேடி வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் கூட்டங்களில் சொல்வேன். நினைவுக்குப் பிடித்துக்கொள்ள புதியது ஏதாவது வேண்டும்.

அம்மாவின் கொழுக்கட்டையை விட்ட இடத்துக்கு வருகிறேன். என் மகனைச் சைக்கிள் பாரில் இருத்திப் பாடசாலைக்குக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அவனைக் கடைசியாக எப்போது ஏற்றினேன் என்று எனக்கு நினைவில்லை. உங்கள் கடிதம் கிடைத்த பிறகு, லண்டனிலிருந்து அவன் அழைத்தபோது கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. “1989, மாரி காலம், வாய்க்கால் பாலத்தடியில. நீங்கள் இறங்கி, ‘தம்பி, நீ மிதி பாப்பம்’ எண்டு சொல்லிப் பின்னால கரியர்ல ஏறினீங்கள். என்ர கால் பெடலுக்கு எட்டேல்ல, பாருக்குக் கீழால காலை விட்டு மிதிச்சன். நீங்கள் பயந்து என்ர சேட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்” என்றான். அவன் முதன்முதலில் என்னை ஏற்றி ஓடிய நாள் அது. அதனால் அவனிடம் பத்திரமாக இருந்தது.

உங்கள் மகளுக்கு அழைத்து, தானே முதலில் தலை பின்னிக்கொண்டு பாடசாலைக்குப் போன நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.